முகத்தை மறைத்த பொத்தான்: சுங்கை சிப்புட்டில் உருவான ஒரு காதல் விஷுவல் நாவலின் இடைமுகம் பற்றிய நிகழ்வு ஆய்வு

கைப்பேசியில் படிக்கும் ஒரே காதல் கதை இரண்டு முறை வெளிவந்தது. வசனம் அதே வசனம், படங்கள் அதே படங்கள், பின்னணி இசையும் அதேதான். மாறியது திரை மட்டும்: எழுத்து எப்படித் தோன்றுகிறது, வாசகர் தட்டிப் பதிலைத் தெரிந்தெடுக்கும் தேர்வுகள் எங்கே நிற்கின்றன, சேமிப்புப் பக்கம் என்ன காட்டுகிறது என்பவை. முதல் பதிப்பைத் திறந்தவர்களில் நான் பார்த்த பலர் பாதியிலேயே விட்டுவிட்டார்கள். இரண்டாவதை முடித்தவர்களோ, கதையில் வரும் பெண் கடைசியில் அப்படிச் சொல்லியிருக்க வேண்டுமா என்று பேருந்து நிறுத்தத்தில் நின்று வாதாடினார்கள். காதல் விஷுவல் நாவலில் இடைமுகத்துக்கு, அதாவது இந்தத் திரை அமைப்புக்கு, எவ்வளவு பங்கு என்று பொதுவாகக் கேட்டால் பிடிகொடுக்காத பதில்தான் வரும். இந்த ஒரு கதையை வைத்துப் பார்த்தால் ஓரளவு திட்டமாகவே சொல்ல முடிகிறது.

கதையும் ஊரும்

சுங்கை சிப்புட், மலேசியாவில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையில் இருக்கும் தோட்டப்புற ஊர். எல்பில், ஹீவுட், டோவன்பி என்று சுற்றிலும் தோட்டப் பெயர்கள். பால்மரம் (ரப்பர்) இருந்த பல இடங்களில் இப்போது செம்பனை (எண்ணெய்ப் பனை). தோட்டத்து லயத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிவந்து வருடங்கள் ஆனாலும், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டால் இன்னமும் தோட்டத்துப் பெயரைச் சொல்கிறவர்கள் இங்கே நிறைய.

கதையை உருவாக்கியவர்கள் ஒரே பள்ளியில் படித்த சில இளைஞர்கள். பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் ஒரு தங்கை எழுதினார். கைப்பேசிக் கடையில் வேலை செய்யும் தம்பி நிரலைப் பார்த்துக்கொண்டார். படம் வரைந்தவர் வேறொருவர். இரண்டாம் பதிப்புக்கு முன்னால் வாசகர்களைக் கவனித்துக் குறிப்பெடுக்க என்னை அழைத்தார்கள்.

விஷுவல் நாவல் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வரி: நிற்கும் படம், கீழே வசனம், தட்டத் தட்ட நகரும் கதை, இடையிடையே வாசகர் எடுக்க வேண்டிய முடிவு. இவர்கள் பயன்படுத்தியது ரென்பை என்ற இலவச மென்பொருள். டாம் ராதமெல் 2004 இல் வெளியிட்டது. உலகம் முழுக்கச் சிறு குழுக்கள் இதில்தான் கதை செய்கின்றன.

கதை இதுதான். ஊரில் ஒரு கிளினிக்கில் பதிவு எழுதும் பெண். தோட்டத்திலிருந்து செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர் ஒருவன். அவளுடைய அண்ணனின் கூட்டாளி. வாசகர் அந்தப் பெண்ணின் இடத்தில் இருக்கிறார். அவள் என்ன சொல்கிறாள், எதைச் சொல்லாமல் விடுகிறாள் என்பதைப் பொறுத்து முடிவு மாறும்.

நான் கேள்வித்தாள் எதுவும் கொடுக்கவில்லை. ஒட்டுக்கடையிலும், முடிதிருத்தும் கடையிலும், சிலருடைய வீட்டிலும் பக்கத்தில் உட்கார்ந்து, அவரவர் கைப்பேசியில் அவரவர் படிப்பதைப் பார்த்தேன். கண்ணைவிடக் கட்டை விரலைத்தான் அதிகம் பார்த்தேன். அது எங்கே தயங்குகிறது, எங்கே அவசரப்படுகிறது என்பதில் நிறைய விஷயம் இருந்தது.

முகம்

கதையின் உச்சக் காட்சி கிளினிக்கின் பின்வாசலில் நடக்கிறது. மழை. அவன் கேட்கிறான்: "உங்க வீட்ல பேசவா?" கேட்டுவிட்டுத் தலையைக் குனிகிறான். படம் வரைந்தவர் அந்த ஒரு முகத்துக்காகவே நாள்கணக்கில் உழைத்திருந்தார். கூச்சமும் பயமும் கொஞ்சம் பிடிவாதமும் கலந்த முகம்.

அந்த முகத்தை யாரும் பார்க்கவில்லை.

ரென்பையில் புதிதாக ஒரு வேலையைத் தொடங்கினால் கிடைக்கும் ஆரம்ப அமைப்பில், தேர்வுகள் திரையின் குறுக்கே நடுவாகவும் பாதி உயரத்துக்குச் சற்று மேலேயும் வந்து நிற்கும். நிற்கும் பாத்திரத்தின் முகம் இருக்கும் இடமும் ஏறக்குறைய அதுதான். அவன் தலை குனியும் அதே நொடியில் மூன்று பட்டைகள் வந்து முகத்தை மூடிவிட்டன. வாசகர்கள் பட்டையில் இருப்பதைப் படித்தார்கள், ஒன்றைத் தட்டினார்கள், போய்விட்டார்கள். முடிதிருத்தும் கடை அக்காவிடம், அவன் அப்போது எப்படி இருந்தான் என்று கேட்டேன். "யாரு? அவன் இருந்தானா அங்க? நான் பதில்தான் பார்த்தேன் லா" என்றார்.

காதல் கதையில் இது சாதாரண இழப்பு இல்லை. துப்பறியும் கதையில் தேர்வு வரும்போது வாசகர் தகவல்களை வைத்து யோசிக்கிறார். காதலில் பதில் சொல்வதற்கு முன் எதிரில் இருப்பவரின் முகத்தைத்தான் பார்க்கிறோம். பார்க்க விடாமல் பதில் கேட்டால் அது பரீட்சைக் கேள்வி ஆகிவிடுகிறது.

இரண்டாம் பதிப்பில் தேர்வுகளை உரைப்பெட்டி இருந்த இடத்துக்கே, கீழே, இறக்கினார்கள். உடனே இன்னொரு சிக்கல் வந்தது. வசனத்தை நகர்த்த வாசகர் தட்டிக்கொண்டே வரும் இடமும் அதுவே. வேகமாகத் தட்டுகிறவர்களின் விரலுக்கு அடியில் திடீரென்று ஒரு தேர்வு முளைத்து, அவர்கள் படிக்கும் முன்பே அழுந்திவிட்டது. ஒரு பெண் தன்னை அறியாமல் அவனை மறுத்துவிட்டு, "நான் அப்படிச் சொல்லவே இல்ல!" என்று கைப்பேசியைத் தூக்கிக் காட்டினார்.

இதற்குக் கண்டுபிடித்த வழிதான் இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்தது. கேள்வி கேட்டு முடித்ததும் உரைப்பெட்டி மறைகிறது. திரையில் அவன் மட்டும். தட்டினாலும் ஒன்றும் நடக்காது. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் கழித்துத்தான் தேர்வுகள் மெல்ல மேலெழுகின்றன. தவறி அழுத்துவது நின்றது. கூடவே, வாசகர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அந்த முகத்தைப் பார்த்தாக வேண்டியிருந்தது. அந்த இடத்தில் கட்டை விரல்கள் திரையை விட்டு எழும்பி நிற்பதைப் பலரிடம் பார்த்தேன். பொத்தான்களின் உயரத்தையும் கூட்டினார்கள். ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல் 48 டிபி (திரை அளவு அலகு) என்றும், ஆப்பிள் 44 புள்ளி என்றும் தொடும் இடத்துக்குக் குறைந்த அளவு சொல்கின்றன. முதல் பதிப்பில் கீழே வரிசையாக இருந்த சின்னப் பொத்தான்கள் அந்த அளவுக்குக் கிட்டவே வரவில்லை. அவற்றில் 'தானாக நகர்' என்ற ஒன்றைத் தெரியாமல் தொட்டுவிட்டு, வசனம் தானே ஓடுவதைப் பார்த்துக் கைப்பேசி கெட்டுவிட்டது என்று நினைத்தவர்களும் உண்டு.

மௌனத்தையும் ஒரு தேர்வாக வைக்க எழுதிய தங்கைக்கு ஆசை. நம் ஊர்ப் பெண் இப்படிப்பட்ட கேள்விக்கு உடனே வாய் திறந்து பதில் சொல்வாளா? முதலில், வாசகர் எதையும் தொடாமல் கொஞ்ச நேரம் இருந்தால் அதுவே மௌனம் என்று எடுத்துக்கொள்ளும்படி செய்தார்கள். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் அடுப்பைப் பார்க்க எழுந்து போய் வந்தவரின் கதையில் அவள் மௌனமாகிவிட்டிருந்தாள். மெதுவாகப் படிக்கிறவர்களுக்கும் இது அநியாயம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனபின் தமிழ் வாசிப்புக் குறைந்துபோனவர்கள் இங்கே நிறைய; அவர்கள் எழுத்தைக் கூட்டிப் படிக்கும் நேரத்தை மௌனம் என்று எப்படி எண்ணுவது? கடைசியில் கடிகாரத்தை எடுத்துவிட்டு, மற்றத் தேர்வுகளுக்குக் கீழே எழுத்தே இல்லாத ஒரு வெற்றுப் பட்டை வைத்தார்கள். அதைத் தட்டினால் அவள் ஒன்றும் சொல்வதில்லை.

எழுத்து ஓடும் விதம்

முதல் பதிப்பு பழைய ரென்பையில் செய்யப்பட்டது. அதில் தமிழ் யுனிகோட் சரியாக அமையாது. ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். அதனால் தம்பி பழைய வகை எழுத்துருவுக்குப் போனார். அந்த எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே குறிகளை அடுக்க வேண்டும்: முதலில் கொம்பு, அப்புறம் மெய், அப்புறம் கால். படிக்கும்போது வித்தியாசம் தெரியாது. ஆனால் இவர்கள் தட்டச்சு போல ஒவ்வொரு குறியாகத் தோன்றும் விளைவையும் சேர்த்திருந்தார்கள். 'கொஞ்சம்' என்று அவன் தயங்கிச் சொல்லும் இடத்தில் கொம்பு மட்டும் தனியாக வந்து நின்றது. பிறகு க, பிறகு கால். தயக்கத்தைக் காட்ட மெதுவாக ஓடவிட்ட இடங்களில்தான் இது அதிகமாக உறுத்தியது.

2023 இல் வந்த 8.1 பதிப்பிலிருந்து ரென்பை ஹார்ஃபஸ் என்ற, எழுத்துகளைச் சரியாக அடுக்கும் மென்பொருள் நூலகத்தைப் பயன்படுத்துகிறது. ஆண்ட்ராய்டும் பயர்பாக்ஸும் பயன்படுத்தும் அதே நூலகம். யுனிகோட் தமிழ் அதில் ஒழுங்காக வந்தது. இருந்தாலும், எழுத்தெழுத்தாக ஓடும் விளைவை மொத்தமாக எடுத்துவிடலாம் என்றேன். காரணம் எழுத்துருவோடு நிற்கவில்லை. கி, பு, தே என ஒவ்வொன்றும் நம் கண்ணுக்கு ஒரே எழுத்து. கணினிக்கு இரண்டு குறிகள். ஆங்கிலத்துக்கென்று வைத்த வேகம் தமிழில் வேறு மாதிரி ஓடும்.

அப்படியானால் தயக்கத்தை எப்படிக் காட்டுவது? வரியை உடைத்து. 1920க்கு 1080 திரையில் ரென்பையின் ஆரம்ப உரைப்பெட்டி 278 பிக்சல் உயரம், எழுத்தின் அளவு 33. நம் சொற்கள் நீளம். கொஞ்சம் பெரிய வாக்கியம் என்றால் பெட்டி நிரம்பிவிடும். முதல் பதிப்பில் எழுத்தைச் சுருக்கி உள்ளே திணித்திருந்தார்கள். இரண்டாவதில் எழுத்தைப் பெரிதாக்கி, பேசுகிறவர் மூச்சு விடும் இடத்தில் வாக்கியத்தைப் பிரித்து அடுத்த தட்டலுக்குத் தள்ளினார்கள். "நாளைக்கு" ஒரு தட்டல். "நான் வரமாட்டேன்" இன்னொரு தட்டல். ஒரு சொல்கூட மாறவில்லை. ஆனால் அடுத்ததைக் கேட்க வாசகரே தட்ட வேண்டியிருந்ததால், கெட்ட செய்தி வரும் என்று தெரிந்த இடத்தில் விரல் தானாக நின்றது. அந்தத் தங்கை அதன்பின் எழுதும் முறையையே மாற்றிக்கொண்டார். எங்கே தட்டுவார்கள் என்று யோசித்துத்தான் இப்போது வசனம் எழுதுகிறார்.

வெளிச்சம் பற்றிச் சுருக்கமாக. பச்சைச் செம்பனைப் பின்னணிமேல் பாதி ஊடுருவும் பெட்டி, அதன்மேல் வெள்ளை எழுத்து: அறைக்குள் அழகு, வெயிலில் பூஜ்யம். இணைய அணுகல் நெறிகள் சாதாரண எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டைக் கேட்கின்றன. பெட்டியைக் கருமையாக்கினார்கள், சரியாகிவிட்டது.

இதயப் பட்டை

முதல் பதிப்பின் மேல் மூலையில் ஓர் இதயம் இருந்தது. நல்ல பதில் சொன்னால் நிரம்பும், தவறினால் குறையும். பாத்திரங்களின் மனத்தை எண்ணாகக் கணக்கு வைத்து ஆடுவது இந்த வகை ஆட்டங்களில் பழைய மரபு. 1994 இல் கொனாமி வெளியிட்ட டோக்கிமெக்கி மெமோரியல் அதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. மூன்று ஆண்டுப் பள்ளி வாழ்க்கையைத் திட்டமிட்டு நடத்தும் அந்த ஆட்டத்தில் எண்களுக்கு வேலை இருந்தது. இந்தக் கதையில் வேலை இல்லை. விளைவு என்னவென்றால், ரென்பையில் பின்னோக்கிப் போகும் வசதி இருப்பதால், இதயம் குறைந்ததும் பின்னால் போய் வேறு பதிலைத் தட்டினார்கள். "இதுக்கு எவ்ளோ பாய்ண்ட்?" என்று நண்பனைக் கேட்டுக் கேட்டு ஆடினார் ஒருவர். அவருக்கு அந்த லாரிக்காரன் ஆளாகவே தெரியவில்லை.

இதயத்தை எடுத்துவிட்டார்கள். நெருக்கம் வளர்வதை வேறு எங்கே காட்டுவது என்று பேசியபோது, 2018 இல் வந்த ஃப்ளோரன்ஸ் ஆட்டத்தை எடுத்துச் சொன்னேன். அதில் முதல் சந்திப்பில் பேச்சுக் குமிழியைப் பல துண்டுகளாகச் சேர்க்க வேண்டும். பழகப் பழகத் துண்டுகள் குறைந்துகொண்டே போகும். எண் எதுவும் இல்லை, பேசுவது எளிதாகிவிட்டது என்று விரலுக்கே தெரியும்.

எங்கள் கதைக்கு அந்தத் தங்கை கண்டுபிடித்தது முழுக்க இங்கத்திய விடை. பேசுகிறவர் பெயரைக் காட்டும் பெட்டியில், அவனுடைய சொந்தப் பெயருக்குப் பதில், அவள் மனத்துக்குள் அவனை என்னவென்று வைத்திருக்கிறாளோ அதைப் போட்டார். தொடக்கத்தில் 'லாரி அண்ணே'. அண்ணனின் கூட்டாளியை வேறெப்படிக் கூப்பிடுவாள்? கதை போகப் போக 'அண்ணே' விழுந்துவிடுகிறது. ஒரு கட்டத்தில் பெட்டி காலியாகிவிடும். பேசுகிறவன் இருக்கிறான், கூப்பிடுகிற முறை இல்லை. பழைய முறை ஒத்துவராது, புதியதைச் சொல்ல வாய் வராது. எந்த விளக்கமும் இல்லாமல் இதைப் பிடித்துக்கொண்டவர்கள் நடுவயதுப் பெண்கள்தான். ஒருவர் காலிப் பெட்டியை விரலால் தொட்டுக் காட்டி, "ஆங், ஆரம்பிச்சிருச்சு" என்று சிரித்தார். வாசகரின் பதில்களைப் பொறுத்து அந்தப் பெட்டி காலியாவது முந்தலாம், பிந்தலாம், நடக்காமலே போகலாம். இதயம் செய்த வேலை முழுவதையும் அது செய்தது.

யாருடைய கைப்பேசி

இடைமுகம் என்றதும் அழகு, நிறம், அசைவு என்றுதான் பேச்சு போகிறது. இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த மிகக் கனமான விஷயம் சேமிப்புப் பக்கம்.

ஈப்போவில் தொழிற்சாலை வேலைக்குப் போய்வரும் ஒரு பெண் முதல் பதிப்பை ஆசையாகப் படித்து வந்தார், திடீரென்று நிறுத்திவிட்டார். கதை பிடிக்கவில்லையா என்றேன். கதை பிடித்திருந்தது. வீட்டில் தம்பி அவருடைய கைப்பேசியை எடுத்து விளையாடுவான். ஒருநாள் இதைத் திறந்து, சேமித்த பக்கத்துக்குப் போய்விட்டான். ரென்பையின் ஆரம்ப அமைப்பில் ஒரு பக்கத்துக்கு ஆறு கட்டங்கள்; ஒவ்வொன்றிலும் சேமித்த நேரத்துத் திரையின் சிறு படம். அவர் எங்கெல்லாம் நிறுத்தி வைத்தாரோ அத்தனையும் வரிசையாகத் தெரிந்தது. மழையில் நிற்கும் காட்சி, கை பிடிக்கும் காட்சி. மக்கள் சேமித்து வைப்பது மனம் நின்ற இடங்களைத்தான். அந்தப் பக்கம் ஒருவரின் மனத்தைத் திறந்து வைக்கும் பக்கம். வீட்டில் கேலி தொடங்கியது, அவர் அழித்துவிட்டார்.

இதைப் பற்றிக் குழுவில் நீண்ட பேச்சு நடந்தது. காதல் கதை படிப்பதை ஒளிக்க நாமே வழி செய்து கொடுக்க வேண்டுமா என்று படம் வரைந்தவர் கேட்டார், நியாயமான கேள்வி. எழுதிய தங்கை சொன்ன பதிலில் பேச்சு முடிந்தது: "மறைக்கச் சொல்லல அண்ணே. யார்கிட்ட காட்டணும்னு அவங்களே முடிவு பண்ணட்டும்."

இரண்டாம் பதிப்பில் சிறு படங்கள் இல்லை. அத்தியாயத்தின் பெயரும், வாசகரே எழுதிக்கொள்ளும் ஒரு சின்னக் குறிப்பும் மட்டும். ஒரே கைப்பேசியில் இரண்டு மூன்று பேர் தனித்தனியாகப் படிக்க ஆளுக்கொரு ஏடு. திறந்தவுடன் காதல் பாட்டு ஒலிப்பது நின்று, ஒலியை வாசகர் தொட்டால்தான் வரும் என்றானது. சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகளில் வாழ்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மரியாதை என்பதை, கடைசிச் சேர்க்கையைக் காட்டியபோது அவர்களின் முகத்திலேயே பார்த்தேன். அந்தப் பெண் மறுபடி முதலிலிருந்து படித்தார்.

முதல் பதிப்பில் குறுஞ்செய்திப் பகுதி ஒன்றும் இருந்தது. தென்கொரியாவின் செரிட்ஸ் 2016 இல் வெளியிட்ட மிஸ்டிக் மெசஞ்சர் ஆட்டத்தைப் பார்த்து வந்த ஆசை. அதில் அரட்டைகள் நிஜக் கடிகார நேரப்படி திறக்கும், நடுஇரவிலும் வரும், தவறவிட்டால் ஆட்டத்துக்குள் விலை கொடுத்துத்தான் மறுபடி சேர முடியும். காத்திருப்பைக் காதலின் பகுதியாக்கிய அருமையான யோசனை அது. ஆனால் சுழல்நேர வேலைக்குப் போகிறவர்களுக்கும் கைப்பேசியைப் பகிர்கிறவர்களுக்கும் அது பொருந்தவில்லை. எடுத்துவிட்டார்கள், யாரும் தேடவில்லை.

எட்டாத இடம்

இதே கதையில் இன்னொரு கிளை உண்டு. கிளினிக்குக்குப் புதிதாக வரும் மருந்தாளர் ஒருவர் அந்தப் பெண்ணை விரும்புவது போல. அதற்கும் இந்த மாற்றங்கள் எல்லாம் செய்யப்பட்டன. முகம் மறையவில்லை, வரிகள் மூச்சுக்கு ஏற்ப உடைந்தன, பெயர்ப்பெட்டி மாறியது. ஆனாலும் வாசகர்கள் அந்தக் கிளையில் வேகமாகத் தட்டிக்கொண்டே போனார்கள். தேர்வு வரும் முன் அவனுடைய முகம் தனியாக நின்றபோது, சிலர் பொறுமை இழந்து திரையைத் தட்டினார்கள். லாரிக்காரனிடம் கனத்த அதே மௌனம் இங்கே வெறும் தாமதமாகத்தான் தெரிந்தது. அவனுக்கு என்ன வேண்டும் என்று கதையில் எங்குமே இல்லை; நல்லவன், படித்தவன், அவ்வளவுதான்.

இடைமுகத்தின் எல்லை எனக்கு அங்கேதான் தெளிவாகத் தெரிந்தது. ஏற்கெனவே இருக்கும் உணர்ச்சிக்கு வழிவிடவோ, குறுக்கே நிற்கவோ அதனால் முடியும். முதல் பதிப்பில் அது குறுக்கே நின்ற அளவு மிகப் பெரிது. அந்த அளவுக்குக் காதல் கதையில் அதன் பங்கும் பெரிது என்றே சொல்வேன். மற்ற வகைக் கதைகளைவிடப் பெரிது. மருந்தாளர் கிளையை இப்போது அந்தத் தங்கை முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறார். அது முடியும்வரை அந்தப் பகுதியின் திரையில் கை வைக்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறோம். அதற்குள் தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாதவர்களுக்காக வசனத்தைக் குரலில் பதிவுசெய்யும் வேலையைத் தம்பி தொடங்கிவிட்டார்.